தானமா, கொடையா?

தரகருக்குக் கமிஷன் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு சிறுநீரகம் கொடுத்தவரைப் பற்றிய செய்தியிலும் ‘கிட்னி தானம்’ என்றே அச்சாகிறது. வடமொழி ‘தா’ வேரில் பிறந்த தானம், தேவதானம், கன்னிகாதானம் என்று புண்ணியக் கணக்கோடு வளர்ந்த சொல். சாம, தான, பேத, தண்டத்தில் வரும் தானம் வேறு: காரியம் சாதிக்கக் கொடுப்பது. (தரகருக்குத் தெரிந்தது இதுதான் போலும்!) ஈகை என்றால் இல்லாதவர்க்குக் கொடுப்பது; விலைக்குப் போகும் சிறுநீரகமோ இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குப் போகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் அன்பின் பேரில் கொடுப்பதற்கும் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எனக்குக் ‘கொடை’யே பிடிக்கும், திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அதுதான் பெயர். காசு கைமாறியிருந்தால் மட்டும், தயவுசெய்து விற்பனை என்றே எழுதுங்கள்.