எந்த வாசலில்?

என் இளமைக் காலத்தில் எங்கள் தெருவில் தனித்து வாழ்ந்த பாட்டி ஒருவர் இருந்தார். அரசாங்கம் அளித்த முதியோர் உதவித்தொகை மாதந்தோறும் அவருக்கு மணியார்டராக வரும். தொகை சிறியதே. ஆயினும், தபால்காரர் வாசலில் நின்று தம் பெயர் சொல்லி அழைக்கும் அன்று பாட்டியின் நடையே மாறிவிடும். உதவியின் அளவைப் போலவே அது வந்து சேரும் வழியும் முதியோரின் வாழ்வை ஆக்கவோ அழிக்கவோ வல்லது என்பதைப் பின்னாளில் இங்கிலாந்தின் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன்.

1834ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஏழையர் சட்டத்தைத் திருத்தியது. உடல் வலிமையுள்ளோர் சோம்பியிருந்து பொதுப் பணத்தில் உண்ணலாகாது என்பது அதன் கருத்து. ஆகவே, உதவி வேண்டுவோர் 'ஒர்க்ஹவுஸ்' என்னும் விடுதிக்குள் புகவேண்டும் என்றும், அங்குள்ள வாழ்வு வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வினும் தாழ்ந்திருக்கவேண்டும் என்றும் கொள்கை வகுத்தனர். சோம்பேறியை அச்சுறுத்த எழுப்பிய மதிலுக்குள், உழைத்து ஓய்ந்த முதியோரும் அகப்பட்டனர். கணவன் ஒரு புறமும் மனைவி மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டனர். 60 வயது கடந்த தம்பதியர் தனி அறை கேட்கலாம் என்று 1847இல் சட்டம் இடந்தந்தது. அதனைப் பெற்றவரோ மிகச் சிலர்.

தம் வீட்டிலிருந்தபடியே சில ஷில்லிங் உதவி பெற்ற முதியோரும் உண்டு. அவர்களையும் இரவலர் என்ற பெயர் விடவில்லை. வாக்குரிமை உடையவர் அதனை இழந்தனர். பசியைப் பொறுத்தாலும் பொறுப்போம், அவ்வாசலை மிதியோம் என்று இருந்துவிட்ட முதியோர் பலர்.

சார்லஸ் பூத் என்னும் கப்பல் வணிகர் இலண்டன் மக்களின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்தவர். முதியோர் பலர் வறியராவதற்கு முதுமையே பெருங்காரணம் எனக் கண்ட அவர், 65 வயது நிறைந்த அனைவர்க்கும் வாரம் 5 ஷில்லிங் தருக என்று 1891இல் எழுதினார். 1908இல் ஆஸ்க்வித் முதலமைச்சராகவும் லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராகவும் இருந்தபோது முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. 70 வயது நிறைந்த வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைக்க வழி பிறந்தது.

1909ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அத்தொகை முதன்முதலாக வழங்கப்பட்டது. எங்கே தெரியுமா? தபால் நிலையத்தில்! கடிதத்திற்கு வில்லை வாங்க எல்லோரும் செல்லும் இடம் அது. அங்கே செல்வோரை இரவலர் என்று எவரும் சொல்லார். இவ்வூதியம் பெறுவதால் வாக்குரிமை போகாது என்றும் சட்டம் தெளிவாக உரைத்தது.

எனினும் அப்புதிய வாசலிலும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. 1908 தொடங்கி ஏழையர் சட்ட உதவி பெற்றவர்க்கு ஓய்வூதியம் இல்லை என்று விலக்கினர். எல்லோரினும் வறியவரே புறத்தே நிறுத்தப்பட்டனர்! 1910 இறுதியில் அத்தடை நீங்கியது. நீங்கியதும், அதுவரை ஏழையர் உதவியில் இருந்த முதியோர் பெருந்தொகையாக ஓய்வூதியத்திற்கு மாறினர்.

ஏழையர் சட்டம் 1948இல் முற்றும் ஒழிந்தது. ஆனால் பீட்டர் டவுன்செண்ட் என்னும் அறிஞர், அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் முதியோர் இல்லங்களைச் சுற்றிப் பார்த்தபோது, பழைய 'ஒர்க்ஹவுஸ்' கட்டடங்களிலேயே முதியோர் பலர் வாழக் கண்டார். 1962இல் அவர் வெளியிட்ட நூல் இதனை நாடறியச் செய்தது. சட்டத்தின் பெயர் மாறிய பின்னும் மதில்கள் நின்றன.

இன்று நம் நாட்டில் முதியோர் உதவி வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. இடைத்தரகு குறைந்தது, நன்று. ஆனால் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்காதபோது, அம்முதியவர் யாரிடம் சென்று நிற்பார்? தொகை எவ்வளவு என்று கேட்கும் நாம், அதனை எந்த வாசலில், எத்தகைய மதிப்போடு கொடுக்கிறோம் என்றும் கேட்போமாக. எங்கள் தெருப் பாட்டி தபால்காரரை எதிர்நோக்கி நின்றது பணத்திற்காக மட்டுமன்று. தம் பெயரை ஒருவர் அழைப்பதைக் கேட்பதற்காகவுமே.