கொதிக்கும் ரேடியேட்டரும் மலைமேல் போட்ட பழியும்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கார் ஓட்டியவர்களுக்குக் குமுளி மலைப்பாதை என்றதும் நினைவுக்கு வருவது ஓரமாக நிற்கும் வண்டிகள்தான். பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆவி அடங்கக் காத்திருந்து, பிளாஸ்டிக் கேனில் பிடித்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி மறுபடி ஏறுவார்கள். அம்பாசிடர், ஃபியட், ஜீப் மூன்றுக்கும் இதுவே வழக்கம். இதற்குச் சொல்லப்பட்ட காரணமும் தலைமுறை தலைமுறையாக ஒன்றுதான்: மலை செங்குத்து, வண்டி பழசு, கொதிக்கத்தான் செய்யும். இந்தக் காரணம் பெரும்பகுதி தவறு என்பது என் வாதம். கொதிப்பு வெளியே தெரிந்தது மலையில். அதற்கான நோய் பள்ளத்தாக்கின் சமவெளியிலேயே வருடக்கணக்கில் வளர்ந்தது. மருந்து என்று நினைத்து ஊற்றிய தண்ணீரும் அந்த நோயை வளர்த்தது.

இந்த வட்டாரத்தில் மோட்டார் வண்டியை நம்புவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. மதுரையிலிருந்து வந்த ரயில் 1928இல் போடிநாயக்கனூரை எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி எதற்கும் தண்டவாளம் வரவில்லை. மேலே போக மூன்று பாதைகள்: 1895இல் முடிந்த பெரியாறு அணை வேலையின் பெயரை இன்றும் சுமக்கும் லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு, கம்பம் மெட்டு வழியாக நெடுங்கண்டம் பக்கம், போடிமெட்டு வழியாக மூணாறு பக்கம். ஏலக்காயும் மிளகும் கீழே இறங்கியதும், தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மேலே ஏறியதும் இந்த வழிகளில்தான். இவ்வளவு சுமையோடு தினமும் மலை ஏறிய வண்டிகள் எல்லாமே கொதிக்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். குற்றம் முழுவதும் மலையுடையது என்றால், ஒரே பாதையில் ஒரே மாதிரி இரண்டு ஜீப்புகள் ஏறும்போது ஒன்று மட்டும் நிற்க நியாயம் இல்லை.

மலையின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடவும் முடியும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி சென்டிகிரேடு குறையும். குமுளி சுமார் 900 மீட்டர், போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். ஆக, கொதிநிலையில் மலை எடுத்துக்கொள்வது மூன்று முதல் ஐந்து டிகிரிதான். ரேடியேட்டர் மூடியின் வேலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கால கார்களில் பரவலாக இருந்த 7 பவுண்டு அழுத்த மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரின் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பத்து டிகிரியும் போய்விடும். போடிமெட்டு உச்சி பறித்துக்கொள்வதைவிட இரண்டு மடங்கு இழப்பை ஒரு சின்ன ரப்பர் உண்டாக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் மூடியை மாற்றியவர்கள் குறைவு. மூடி தொலைந்த இடத்தில் துணியைத் திணித்து ஓட்டியவர்களும் உண்டு. மதுரையில் பஸ் கம்பெனியாகத் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அவ்வளவு நுட்பமான பொருளை நம் வண்டிகளில் வெறும் தகரமாக நினைத்துவிட்டோம்.

தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து என்பது என் கணிப்பு. சுருளிப்பட்டி திராட்சையும் வாழையும் தென்னையும் விளையும் ஊர். மின்சார மோட்டார் பரவும் முன், தமிழ்நாட்டுத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தது ஆயில் இன்ஜின். அவற்றில் பலவற்றுக்கு ரேடியேட்டர் கிடையாது. பம்ப் இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு சின்னக் குழாய் வழியாக இன்ஜினைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாக வாய்க்காலில் விழும். அந்தக் குழாயின் கீழ் கையை நீட்டிப் பார்த்தாலே இன்ஜினின் சூடு தெரிந்துவிடும். அங்கே புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதுதான் சரி. காரில் அப்படி இல்லை. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்படி மூடப்பட்ட அமைப்பு அது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து இன்ஜின் பிளாக்கின் சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தால் படிவது ஒரு முறையோடு நின்றுவிடும். கொதித்து ஆவியாகி, மறுபடி ஊற்றி, மறுபடி கொதித்தால், ஒவ்வொரு கேனும் புதிதாகச் சுண்ணாம்பைக் கொண்டுவரும். கூடவே வரும் காற்று வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அடைப்பு கூடும், கொதிப்பு கூடும், தண்ணீரும் கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். இப்படி ஒரு சுழலில் சிக்கிய வண்டிகளைத்தான் மலையோரத்தில் பார்த்தோம்.

இதை நல்ல மெக்கானிக்குகள் அறிந்திருந்தார்கள். வண்டி எங்கே கொதித்தது என்பதே அவர்களுக்கு முதல் தடயம். கடைவீதி நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் காற்று போதவில்லை என்று பொருள்; ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க வேண்டும். உத்தமபாளையம் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதே சூடு காட்டும் முள் ஏறினால் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பின் மேல் விழும். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் இறுகிப்போனாலும் இப்படி ஆகும். காலையில் ஆறிய இன்ஜினை, மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்த உடனே தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கட் போய், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் கசடு படிந்திருந்தால் கேஸ்கட் மேல் உள்ள சந்தேகம் இன்னும் கூடும். அடைப்பைக் கண்டுபிடிக்கக் கையே போதும்: வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து நகர்த்தினால், அடைத்த குழாய்கள் உள்ள இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் திறந்து, குழாய் குழாயாகத் தட்டைக் கம்பி விட்டுச் சுண்ணாம்பை இடித்து எடுப்பார்கள். கீழே கொட்டும் அந்த வெள்ளைத் தூள்தான் என் வாதத்துக்கு நேரடிச் சாட்சி. அது மலை கொடுத்ததில்லை, கேன் கேனாக நாம் ஊற்றியது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது, 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு நம் வெயிலும் ஏற்றமும் தாங்காது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஆனால் ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் வேகத்தில்தான் சுழல்கின்றன. கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்து முக்கவைத்த டிரைவர், சூட்டைக் கூட்டிக் குளிர்ச்சியைக் குறைத்தார். வளைவுக்கு முன்பே கியர் இறக்கியவர் அதே வண்டியில் உச்சிக்குப் போனார். இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்ததும் பல வண்டிகள் சரியாயின என்பது. இறுகிப்போனதை எடுத்தால் அன்றைக்குச் சரியாகும்தான். அதன் பிறகு இன்ஜின் சமவெளியில் தேவையான 80 டிகிரியைத் தொடாமலே ஓடும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். அதைவிடப் பெரிய கேடு, பாதி அடைத்த ரேடியேட்டரும் சமவெளியில் நன்றாக இருப்பதாகக் காட்டும். நோய் வெளியே தெரிய முதல் வளைவு வரை போக வேண்டும். பிறகு பழி மலைக்கு.

மூன்றாவது மறுப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்: அன்று ரேடியேட்டருக்கான கூலன்ட் எங்கே கிடைத்தது, கிடைத்தாலும் யார் வாங்க முடிந்தது? அது பனி விழும் நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கியதும் உண்மை. கூலி ஜீப் ஓட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கையில் இருந்த தண்ணீரை ஊற்றினார், ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் பேட்டரிக்கென்று காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கும் வழக்கம் அப்போதே இருந்தது. ரேடியேட்டருக்கு அதையோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ ஊற்றியிருந்தால் சுண்ணாம்பு இவ்வளவு சேர்ந்திருக்காது. தட்டுப்பாட்டைவிட, தண்ணீர் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம்தான் அதிகம் தடுத்தது.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. எஞ்சியிருக்கும் வண்டிகளை ஆசையோடு வைத்திருப்பவர்கள் சுருளிப்பட்டி, கம்பம் பக்கம் இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலை ஏறும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள், உள்ளே கூலன்ட் ஊற்றுங்கள், பிடுங்கிய தெர்மோஸ்டாட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், கேனை எடுக்காமல் மெக்கானிக்கிடம் போங்கள்.