இரவு எங்கே தங்குவது? கார்வால், குமாவுன் மலைக்காடுகளில் தங்கிடங்களின் வரலாறு

1893 செப்டம்பரில் கார்வாலின் பிர்ஹி கங்கைப் பள்ளத்தாக்கில், கோனா என்னும் ஊரருகே, மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து விழுந்து ஆற்றை அடைத்தது. ஏறத்தாழ 900 அடி உயரத்துக்கு எழுந்த அந்த இயற்கை அணைக்குப் பின்னே நீர் தேங்கி ஏரியாயிற்று. அதைப் பார்வையிட்ட பொறியாளர் புல்ஃபோர்ட், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் ஏரி நிரம்பி வழியும் எனக் கணித்தார். ஏரிக்கரையிலிருந்து ஹரித்வார் வரை தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. வெள்ளம் எட்டாத உயரத்தைக் காட்டும் தூண்கள் பள்ளத்தாக்கு நெடுகிலும் நடப்பட்டன. ஆற்றோரத்து மக்கள் மேட்டுக்கு அகற்றப்பட்டனர். 1894 ஆகஸ்ட் 25 நள்ளிரவை ஒட்டி அணை உடைந்தது. ஸ்ரீநகர் என்னும் பழைய தலைநகரம் ஏறக்குறைய முழுதும் அடித்துச் செல்லப்பட்டது. உயிரிழந்தவர்கள் ஐவர் மட்டுமே: ஒரு பக்கீரும் அவர் குடும்பத்தாரும். வெளியேற்றப்பட்ட பின்னர் இரவைக் கழிக்கத் தம் பழைய இடத்துக்கே திரும்பியவர்கள் அவர்கள்.

119 ஆண்டுகள் கழித்து, 2013 ஜூன் 16 மாலை, அதே அளகநந்தா ஆற்றுத்தொகுதியின் மற்றொரு கிளையான மந்தாகினியில் வெள்ளம் வந்தது. கௌரிகுண்டத்திலிருந்து கேதார்நாத்துக்கு ஏறும் 14 கிலோமீட்டர் நடைவழியில், ஏறத்தாழப் பாதித் தொலைவில் இருந்த ராம்பாரா என்னும் தங்கிடம் தடமின்றிப் போயிற்று. மறுநாள் காலையில் சோராபாரி ஏரி உடைந்து கேதார்நாத்தையே தாக்கியது. அந்தப் பேரிடரில் மாண்டவரும் காணாமற்போனவரும் ஆயிரக்கணக்கானோர். இவ்விரு இரவுகளுக்கும் இடையே வானிலை அறிவியல் வளர்ந்தது, தொலைத்தொடர்பு வளர்ந்தது, சாலைகள் வந்தன. ஆயினும் மலைக்காட்டில் ஒருவர் இரவில் எங்கே படுப்பது என்பதை முடிவுசெய்யும் அறிவு மட்டும் அதே அளவில் வளர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை. அந்த முடிவை எந்தெந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள், எதைக் கொண்டு எடுத்தார்கள் என்று கேட்பது இம்மலைகளின் சமூக வரலாற்றுக்குள் நுழைய ஒரு நல்ல வாயில்.

முதலில் முடிவெடுத்தவர்கள் மேய்ப்பர்கள். மரவரம்புக்கு மேலே விரியும் புல்வெளி அங்கே ‘புக்யால்’ எனப்படும். அதனை ஒட்டிக் கோடையில் கால்நடைகளோடு தங்கும் இடம் ‘கரக்’. லாத்தா கரக் போன்ற இடப்பெயர்களில் அச்சொல் இன்றும் உறைந்திருக்கிறது. சிவாலிக் அடிவாரக் காடுகளில் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் எருமைகளோடு உயர்மலைக்கு ஏறும் வன குஜ்ஜர்களிடம் ‘டேரா’ என்பது குடும்ப அலகையும் அதன் தங்கிடத்தையும் ஒருங்கே குறிக்கும். தமிழிலும் இச்சொல் உண்டு. ஆனால் ‘டேரா போட்டுவிட்டான்’ என்று தமிழில் சொல்லும்போது, போக மறுக்கும் விருந்தாளியின் மீதான எரிச்சலே தொனிக்கிறது. ஒரு சமூகத்துக்கு வீடாக இருப்பது நிலைகுடிகளின் பேச்சில் அத்துமீறலாக மாறிவிட்டது. வனத்துறை ஆவணங்களில் மேய்ப்பர்கள் பெற்ற இடத்தையும் இந்தப் பொருள்மாற்றம் ஓரளவு விளக்கும்.

மேய்ப்பரின் தேர்வுக்கு எழுதப்பட்ட இலக்கணம் இல்லை. புல், நீர், விறகு ஆகிய மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். ஆனால் நீரின் விளிம்பிலேயே படுக்கக் கூடாது. மரங்கள் ஒரே திசையில் சாய்ந்தோ முறிந்தோ கிடக்கும் சரிவு, பனி உருண்டுவரும் தடம். ஓடை மலையிலிருந்து வெளிப்பட்டு விசிறிபோல் கற்களைப் பரப்பியிருக்கும் நிலம் பார்வைக்குச் சமதளம். மழைக்காலத்தில் அதுவே ஆற்றின் சொத்து. இத்தகைய அறிவு ஆண்டுதோறும் ஒரே வழியில் போய்வருவதால் சேர்வது. வழி மூடப்பட்டால் ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோவது.

இரண்டாவது அடுக்கு யாத்திரிகர்களுடையது. ரிஷிகேசத்துக்கு மேலே நான்கு தலங்களுக்கும் போகும் நடைவழிகளில் சில மைல்களுக்கு ஒன்றாக ‘சட்டி’கள் இருந்தன. கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை, ஓர் அடுப்பு, ஒரு மளிகைக் கடை. மாவும் பருப்பும் கடையில் வாங்குவோருக்குத் தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இலவசம். ஹனுமான் சட்டி, ஜானகி சட்டி, கருட் சட்டி என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்த ஏற்பாட்டின் எச்சங்கள். தமிழ்நாட்டில் சாவடி, சத்திரம் என முடியும் ஊர்ப்பெயர்கள் பழைய வழிகளைக் காட்டிக்கொடுப்பதைப் போலவே, வரைபடத்தில் சட்டிகளை வரிசையாகக் கோத்தால் மனிதக் கால்களின் ஒருநாள் அளவு புலப்படும்.

சட்டியைத் தேர்ந்தவர் மேய்ப்பரல்லர், வணிகர். அவருக்கு வேண்டியது நடையின் இடைவெளியும் நீரின் அருகாமையும். ஆகவே சட்டிகளில் பல ஆற்றை ஒட்டியே அமைந்தன. கூட்டம், அசுத்தமான நீர், ஒரே கொட்டகையில் நோயாளியும் நலமுள்ளோரும் ஆகியவை சேர்ந்தபோது, ஹரித்வார் கும்பமேளாக்களிலிருந்து ஏறிவந்த காலரா இவ்வழி நெடுகப் பரவியது. பழையதெல்லாம் பாதுகாப்பானது என்று கருதுவோர் இதை மறக்கக் கூடாது. ராம்பாராவும் இப்படிப்பட்ட பழைய தங்கிடங்களுள் ஒன்றே.

சட்டிகளின் இரவுக்கு வேறோர் அச்சமும் இருந்தது. 1918 முதல் 1926 வரை ருத்ரபிரயாகைச் சுற்றிய ஆட்கொல்லிச் சிறுத்தை, அரசின் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. பகலில் திரளாக நடந்த வழியில் இருட்டியபின் எவரும் கால்வைக்கவில்லை. கதவில்லாத கொட்டகையில் படுப்பதா, அடுத்த ஊருக்கு ஓடுவதா என்பதே பொழுது சாயும்போது யாத்திரிகர்முன் நின்ற கேள்வி. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஜிம் கார்பெட் அச்சிறுத்தையைச் சுட்டு வீழ்த்திய இடமும், குலாப்ராய் என்னும் யாத்திரிகர் தங்கிடத்தின் அருகேதான்.

மூன்றாவது அடுக்கு அரசுடையது. 1815இல் கூர்க்கர்களிடமிருந்து குமாவுனும் கார்வாலின் ஒரு பகுதியும் கும்பினியின் கைக்கு வந்தபின், ஆட்சியென்பது பெரிதும் சுற்றுப்பயணமாகவே நடந்தது. அதிகாரி கூடாரத்தோடு வந்தார். வரி, வழக்கு, காட்டெல்லை அனைத்தும் கூடாரவாயிலில் தீர்ந்தன. ‘முகாம்’ என்ற சொல்லின் அரபு மூலமான ‘மகாம்’ நிற்குமிடத்தைக் குறிக்கும். அதிகாரி நின்ற இடமே அன்றைய அரசாங்கம்.

அந்த இடத்தை அதிகாரி தேர்ந்தபோது அருகிலிருந்த ஊர் அதற்கு விலை கொடுத்தது. கூடாரத்தையும் பெட்டிகளையும் அடுத்த தங்கிடம்வரை சுமப்பது ஊராரின் கடமை. பெயரளவுக்குக் கூலி தரப்பட்டால் ‘உதார்’. ஏதும் தரப்படாவிட்டால் ‘பேகார்’. பால், நெய், விறகு, புல் கொடுப்பது ‘பர்தாயிஷ்’. உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ‘கூலி’, குமாவுனில் ஊதியமற்ற உழைப்பின் அடைமொழியாக வழங்கியது வரலாற்றின் கசப்பான முரண். 1921 ஜனவரியில் பாகேஷ்வர் உத்தராயணித் திருவிழாவில், பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில் திரண்ட மக்கள், பேகார் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். வனச்சட்டங்கள்மீதான சினமும் அதில் கலந்திருந்தது. எங்கே கூடாரம் அடிப்பது என்பது நிலத்தோற்றம் பற்றிய கேள்வியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு அந்த நாள் போதிய சான்று.

நான்காவதாக வந்தவர்கள் மலையேறிகள். 1931இல் காமேத் சிகரத்திலிருந்து திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் குழுவினர் பியூந்தார் பள்ளத்தாக்கில் இறங்கிக் கூடாரம் அடித்தனர். 1937இல் ஸ்மைத் மீண்டும் வந்து தங்கினார். மறு ஆண்டு வெளியான அவர் நூலின் தலைப்பால் அவ்விடம் ‘மலர்ப் பள்ளத்தாக்கு’ என உலகறிந்தது. 1934இல் ஷிப்டனும் டில்மனும் ரிஷி கங்கையின் மலையிடுக்கு வழியே நந்தாதேவியின் உட்புறத்தை அடைந்தனர். உள்ளூர் மேய்ப்பர்கள் ஆடுகளோடு போய்வந்த பகுதிகள் பல, பயண நூல்களில் ‘கண்டுபிடிப்புகள்’ ஆயின. 1982இல் இரு பகுதிகளும் தேசியப் பூங்காக்களாயின. மலர்ப் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் நின்றது. இரவுத் தங்கலும் தடைப்பட்டது. இன்று பயணி காங்கரியாவில் படுத்து, காலையில் உள்ளே சென்று, மாலையில் திரும்ப வேண்டும். மேய்ச்சல் நின்றபின் உயரமான களைச்செடிகள் பரவி மலர்களை நெருக்கினவா என்ற விவாதம் சூழலியலாளரிடையே தொடர்கிறது.

1962 சீனப் போருக்குப்பின் மோட்டார் சாலைகள் விரைந்து மேலேறின. அத்தோடு சட்டிகளின் காலம் பெரும்பாலும் முடிந்தது. நடையின் ஒருநாள் அளவு பொருளிழந்தது. சாலை எங்கே போனதோ அங்கே விடுதி எழுந்தது. சாலையோ பெரும்பாலும் ஆற்றைப் பின்பற்றியது. 1970 ஜூலை வெள்ளத்தில் அளகநந்தாக் கரையின் பேலாகூச்சி அழிந்தபோதே எச்சரிக்கை கிட்டியிருந்தது. மேலே காடழிந்ததையும் கீழே வெள்ளம் பெருகியதையும் சண்டி பிரசாத் பட்டும் தசோலி கிராம சுயராஜ்ய இயக்கத்தினரும் இணைத்துப் பார்த்த அந்த அனுபவம், 1973இல் தொடங்கிய சிப்கோ போராட்டத்துக்கு ஓர் ஊற்றாயிற்று. ஆற்றங்கரை விடுதிகள்பற்றி அதே தீவிரத்தோடு கேள்வி எழவில்லை.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், புக்யால்களில் இரவுத் தங்கலைத் தடைசெய்தது. செல்வோர் எண்ணிக்கையை 200க்குள் நிறுத்தியது. நிலையான கட்டுமானங்களை அகற்றச் சொன்னது. நூற்றுக்கணக்கான கூடாரங்களும் குப்பையும் பேத்னி, ஆலி போன்ற புல்வெளிகளைச் சிதைத்ததை மறுக்க முடியாது. அதே வேளையில், ஒரு கோடையில் இறங்கிய வணிகக் கூடாரங்களும் தலைமுறைகளாக வந்துபோன கரக்குகளும் ‘இரவுத் தங்கல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கக்கூடியவையா என்ற கேள்வி எஞ்சுகிறது. சட்டம் சொற்களால் ஆனது. சொல் பிரிக்காததைச் சட்டமும் எளிதில் பிரிப்பதில்லை.

2013க்குப்பின் கேதார்நாத் பாதை ராம்பாராவில் மந்தாகினியைக் கடந்து எதிர்க்கரைக்கு மாற்றப்பட்டது. லிஞ்சோலி புதிய தங்கிடமாயிற்று. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷி கங்கையில் பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளமாக இறங்கியபோது, 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பலர் நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்த தொழிலாளர்கள். எங்கே தங்குவது, எங்கே வேலைசெய்வது என்பதைத் தேர்ந்தவர்கள் அவர்களல்லர்.

1894இன் பாடம் பொறியாளரின் கணிப்போடு முடிவதன்று. ஓராண்டுக் கண்காணிப்பும், தந்தியும், கண்ணுக்குத் தெரியும் தூண்களும், மக்களை அகற்றும் அதிகாரமும் அங்கே ஒன்றுசேர்ந்தன. ஆயினும் ஒரு பக்கீர் குடும்பம் திரும்பிப் போயிற்று. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதை மேட்டில் நின்றவர்கள் பிடிவாதம் என்றே எழுதிவைத்தனர். மேட்டில் அவர்களுக்கென்று என்ன இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்ற கேள்வி அந்தப் பதிவோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியது. தங்கிடத்தின் வரலாற்றை எழுதுவோர் தூண்களின் உயரத்தோடு அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.