எறிகல்லின் வழியும் தொங்கும் சங்கிலியும்

எறிந்த கல் மேலெழுந்து, வளைந்து, கீழே விழுவதை மனிதன் ஆதிகாலந்தொட்டே கண்டு வந்திருக்கிறான். ஆயினும், அக்கல் செல்லும் வழி எத்தகைய கோடு என்னும் வினாவுக்குச் செம்மையான விடை பிறந்தது 17ஆம் நூற்றாண்டிலேயாம். கண்ணெதிரே நாள்தோறும் நிகழும் ஒன்றை அறிய இத்துணைக் காலம் சென்றது ஏன்? அவ்வரலாறு, வளைகோடு ஒன்றைத் தாளிலே வரைய முற்படும் மாணவனுக்கும் பயன் தருவதாகும்.

அக்கோட்டின் பெயர் பரவளைவு. எறிகல்லைப் பற்றிய எண்ணம் எதுவுமின்றியே கிரேக்கர் அதனை அறிந்திருந்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான மெனெக்மசு, ஒரு கனசதுரத்தின் இருமடங்கு கனவளவுடைய மற்றொன்றை அமைப்பது எங்ஙனம் என்னும் பழம்புதிரை விடுவிக்க இவ்வளைவைக் கையாண்டார். பெர்கா நகரத்து அப்பலோனியசு, கி.மு. 200ஆம் ஆண்டளவில், கூம்பை வெட்டுவதால் தோன்றும் வளைவுகளைப் பற்றி 8 பாகங்கள் கொண்ட பெருநூலை இயற்றினார். அவற்றுள் முதல் நான்கு கிரேக்க மொழியிலும், அடுத்த மூன்று அரபு மொழிபெயர்ப்பிலும் நமக்குக் கிடைத்துள்ளன. எட்டாவது பாகம் அழிந்துபோயிற்று.

கூம்பின் சாய்ந்த பக்கத்துக்குச் சமாந்தரமாக வெட்டினால் தோன்றுவது பரவளைவு. அதனை இரு சம பாகங்களாகப் பிரிக்கும் நேர்கோடு அச்சு எனப்படும். அச்சு வளைவைச் சந்திக்கும் இடம் உச்சி. அச்சிலிருந்து பக்கவாட்டில் 1, 2, 3 என்று விலகிச் சென்றால், உச்சியிலிருந்து அச்சின் வழியே செல்லும் தூரம் 1, 4, 9 என்னும் விகிதத்தில் வளரும். இந்த வர்க்க விதியே பரவளைவின் உயிர்.

அப்பலோனியசுக்குப் பின் ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் இவ்வறிவு ஏட்டிலே உறங்கியது எனலாம். பீரங்கிக் குண்டின் வழியை ஆராய்ந்த இத்தாலியரான தார்த்தாலியா, 1537இல் வெளியிட்ட நூலில், குண்டு முதலில் நேராகச் சென்று, பின் வட்டவில்லாக வளைந்து, முடிவில் நிலைக்குத்தாக விழுவதாகப் படம் வரைந்தார். கண்ணுக்கு அது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் அப்படத்துக்கு அடிப்படையான விதி எதுவும் இருக்கவில்லை.

பாதுவா நகரில் கணிதம் கற்பித்த கலிலியோ, 1608ஆம் ஆண்டளவில் வேறொரு வழியை நாடினார். சாய்தளத்தின் வழியே ஒரு குண்டை உருளவிட்டு, மேசையின் விளிம்பிலிருந்து கிடையாகப் பாயச் செய்து, அது நிலத்தில் வீழ்ந்த தூரத்தை அளந்தார். உருளத் தொடங்கிய உயரத்தை மாற்றி மாற்றிச் சோதித்து, கணக்கிட்ட தூரத்தையும் அளந்த தூரத்தையும் ஒரே தாளில் எழுதி ஒப்புநோக்கினார். அத்தாளை ஆராய்ச்சியாளர் ஸ்டில்மன் திரேக் 1973இலேயே உலகறிய வெளியிட்டார்.

கலிலியோ கண்ட உண்மை இதுவாகும். எறிபொருளிடம் இரு இயக்கங்கள் உள. கிடையாக அது சம நேரத்தில் சம தூரம் செல்கின்றது. கீழ்நோக்கியோ, விழுந்த மொத்தத் தூரம் 1, 4, 9, 16 என வளர்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அப்பலோனியசின் வர்க்க விதியே வெளிப்படுகின்றது! காற்றின் தடையால் சிறிது வேறுபாடு நேரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பூமி சுழல்கின்றது என்ற கொள்கைக்காக 1633இல் உரோமாபுரியில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற கலிலியோ, புளோரன்சு நகருக்கு அண்மையிலுள்ள ஆர்செத்திரியில் வீட்டுக் காவலில் இருந்தார். இக்கண்டுபிடிப்பைக் கூறும் நூல் 1638இல் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் வெளிவந்தபோது, அவருடைய இரு கண்களும் ஒளியிழந்திருந்தன.

அந்நூலிலே பரவளைவைக் கையால் வரைவதற்கு இரு முறைகள் கூறப்பட்டுள்ளன. சாய்த்துப் பிடித்த உலோகக் கண்ணாடியின் மேல் சிறிய வெண்கலக் குண்டை எறிந்து உருட்டினால், அது மெல்லிய கோடொன்றைப் பதித்துச் செல்லும். இது முதலாவது முறை. சுவரில் இரண்டு ஆணிகளை அறைந்து, சங்கிலியொன்றைத் தொங்கவிட்டு, அதன் வழியே புள்ளிகளை இடுவது இரண்டாவது முறை.

முதல் முறை வர்க்க விதியைத் தழுவியது. இரண்டாவதோ பார்வைக்கு மட்டுமே பரவளைவு. அது அண்ணளவானதே என்பதைக் கலிலியோ அந்நூலின் பிற்பகுதியில் குறிப்பிட்டுள்ளார். 1646இல், 17 வயது இளைஞரான ஒல்லாந்தர் ஹைகன்ஸ், தொங்கும் சங்கிலி பரவளைவு ஆகாது என்பதை நிறுவினார். அதன் உண்மையான வடிவத்தை 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பேர்ணூலி ஆகிய மூவரும் வெளியிட்டனர். பேரறிஞர் ஒருவரின் கண்ணையும் மயக்கவல்லது தோற்ற ஒற்றுமை!

இதனிடையே, 1637இல் பிரான்சிய அறிஞர் தேக்காட்டின் கேத்திரகணித நூல் வளைகோட்டைச் சமன்பாட்டோடு இணைத்தது. இன்று மாணவன் வரைபுத்தாளில் பரவளைவு வரைவது அந்நெறியிலேதான். ஓர் எண்ணை வர்க்கித்து, அதிலிருந்து அவ்வெண்ணின் நான்கு மடங்கைக் கழித்து, மூன்றைக் கூட்டுவதாகக் கொள்வோம். எண் 1 ஆயினும் 3 ஆயினும் விடை பூச்சியம். ஆகவே வளைவு கிடைக்கோட்டை அவ்விரு இடங்களில் வெட்டும். அவற்றின் நடுவிலுள்ள 2இன் வழியே நிலைக்குத்தாகச் செல்வது அச்சு. 2ஐ இட்டால் வருவது சய 1, அங்கே உச்சி. வர்க்கத்தின் குணகம் நேரானது ஆதலின் வளைவு மேல்நோக்கித் திறந்திருக்கும்.

இனி உச்சியிலிருந்து இரு புறமும் ஓரலகு சென்றால் 1 உயரவேண்டும். இரண்டலகு சென்றால் 4. மூன்றலகு சென்றால் 9. கலிலியோவின் குண்டு விழுந்த அதே எண்களே இங்கு ஏறுமுகமாக வருகின்றன. இப்புள்ளிகளை இட்டபின், ஒழுங்காக வளையும் கோட்டினால் அவற்றை இணைத்தல் எளிது.

உச்சியையும் அச்சையும் காணாது, நாலைந்து புள்ளிகளைக் கண்போன போக்கில் இணைக்கும் மாணவன் தார்த்தாலியாவின் படத்தையே வரைகின்றான். விதியை அறிந்து புள்ளியிடுபவனோ, ஈராயிரம் ஆண்டுகளின் உழைப்பைத் தன் பென்சில் முனையிலே பெற்றுக்கொள்கின்றான்.