சுழல்மேடை: வரலாறும் மாதிரி ஆக்கமும்

வட்டக் குழிக்குள் நடு அச்சின்மேல் சுழன்று, நீராவி என்ஜினைத் திசை திருப்பித் தரும் தண்டவாளப் பாலம் சுழல்மேடை. நிலக்கரியும் தண்ணீரும் சுமந்த டெண்டர் முன்னால் மறைக்க, என்ஜினை நெடுந்தூரம் பின்னோக்கி ஓட்டுவது கடினம். ஆகவே பயணம் முடிந்ததும் அதைத் திருப்பியாக வேண்டும். மாதிரி ரயில் அமைப்பவர் முதலில் தேட வேண்டியது மேடையின் நீளம். எந்தக் காலம், எந்த என்ஜின் என்பதை அந்த ஓர் அளவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

என்ஜின் வளர வளர மேடையும் வளர்ந்தது. லண்டன் கேம்டனில் 1847இல் கட்டி முடிந்த, என்ஜின்களை நிறுத்தும் வட்டக் கொட்டகையின் மேடை 36 அடி. பத்தாண்டுகளுக்குள்ளேயே புதிய என்ஜின்கள் அதற்கு அடங்காமல் போயின. கொட்டகை பின்னர் மதுக்கிடங்காயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் பெரிய விரைவு என்ஜின்களுக்கு 70 அடி மேடைகள் வந்தன. 1941இல் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் நிறுவனம் இறக்கிய ‘பிக் பாய்’ என்ஜின் டெண்டருடன் ஏறத்தாழ 133 அடி. அதற்கென ஆக்டன் போன்ற இடங்களில் 135 அடி மேடைகள் அமைந்தன.

பழைய மேடைகளின் பாரம் முழுவதும் நடு அச்சில்தான். என்ஜினை அங்குலக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்துவிட்டால், இரண்டு பேர் தள்ளியே திருப்பலாம். பின்னாளில் என்ஜினின் வெற்றிட பிரேக் குழாயை இணைத்து, அந்த விசையாலேயே மேடையைச் சுழற்றினார்கள். இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையில், காற்று ஓயாத கார்ஸ்டேல் மேட்டில், மேடையைச் சுற்றிப் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நெருக்கமாக நட்டு வேலி எழுப்பியிருந்தார்கள். பலத்த காற்றில் சிக்கிய என்ஜின் ஒன்று நிறுத்த முடியாமல் சுழன்றதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியே அதற்குக் காரணம். கார்ஸ்டேலை மாதிரியில் செய்பவர் அந்த வேலியை விட்டுவிட்டால் அது கார்ஸ்டேலே அல்ல.

ஆய்வுக்கு நல்ல துணை பழைய நில அளவை வரைபடங்கள். பிரிட்டனின் 1:2500 வரைபடத்தில் மேடை சிறு வட்டமாகவே தெரியும். வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை ஒப்பிட்டால் மேடை எப்போது பெரிதாக்கப்பட்டது என்பது பிடிபடும். அமெரிக்க மேடைகளுக்குச் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உண்டு. அவற்றில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். கொட்டகைச் சுவரை எதனால் செய்வது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். புகைப்படம் ஒன்றே கைக்குக் கிடைத்தாலும், பாலத்தின் மேலுள்ள தண்டவாள இடைவெளியான 1,435 மில்லிமீட்டரை அளவுகோலாகக் கொண்டு, கோணத்தால் வரும் குறுக்கத்தைத் திருத்திப் பிற அளவுகளைக் கணிக்கலாம்.

அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற ஓஓ அளவில் 70 அடி மேடை 280 மில்லிமீட்டராகும். 1:87 விகித எச்ஓ அளவில் பிக் பாயின் மேடை சுமார் 473 மில்லிமீட்டர்; பலகையில் அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலம் அரைவட்டம் சுழன்றதும் அதன் இரு தண்டவாளங்களும் இடம் மாறுவதால், வெளிப்பாதையோடு சேருமிடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகும். பிளவு வளையத்தாலோ, டிசிசி எனும் எண்ணிமக் கட்டுப்பாட்டு முறையில் தானியங்கித் துருவ மாற்றியாலோ அதைத் தவிர்க்கிறார்கள்.

டீசல் என்ஜின்கள் பரவியதும் பெரும்பாலான குழிகள் மண்ணால் மூடப்பட்டன. கார்ஸ்டேல் மேடை கழற்றப்பட்டு, யார்க்‌ஷயரிலுள்ள கீத்லி–வொர்த் பள்ளத்தாக்கு ரயில்வேயின் கீத்லி நிலையத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது.