பட்டமில்லாதவர்கள் வகுத்த பட்டம்: சமூகவியலும் மானிடவியலும்

சமூகவியலில் இளங்கலைப் பட்டம் பெற ஒரு மாணவர் என்னென்ன படித்திருக்க வேண்டும்? எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் புரட்டினாலும் தாள்களின் பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்ற கதை கையேட்டில் இருப்பதில்லை. இந்தியாவில் இப்பட்டத்தை வகுத்தவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களல்லர் என்பதிலிருந்தே அக்கதையைத் தொடங்கலாம்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையை நிறுவிய பாட்ரிக் கெடஸ் ஒரு தாவரவியலாளர். எந்தப் பட்டமும் முறையாகப் பெறாதவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னை மாகாணத்துக்கு வந்து மதுரை, தஞ்சை போன்ற ஊர்களுக்கு நகரமைப்பு அறிக்கைகள் எழுதியவர். 1924இல் அவருடைய இடத்துக்கு வந்த ஜி.எஸ். குர்யே சமஸ்கிருதத்தில் முதுகலை முடித்தவர். 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று மானிடவியல் கற்பிக்கச் சென்ற எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் பாலக்காட்டுக்காரர், கொச்சி சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கொச்சியின் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய நூலே அவருக்குத் தகுதிச் சான்றாயிற்று. இன்றைய விதிகளின்படி இம்மூவருள் கெடஸுக்கும் ஐயருக்கும் நேர்காணல் கடிதம்கூட வந்திராது.

இரண்டு இயல்களும் ஒன்றா, வேறா என்ற வழக்கு இங்கு மட்டும் எழுந்ததன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892இல் ஆல்பியன் ஸ்மாலின் தலைமையில் சமூகவியல் துறை தொடங்கியபோது மானிடவியலும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. 1929இல்தான் அது தனித் துறையாகப் பிரிந்தது. தம் சமூகத்தை ஆராய்வது சமூகவியல், கடல் கடந்த 'பிற' சமூகங்களை ஆராய்வது மானிடவியல் என்பது மேற்கில் நிலவிய எழுதப்படாத பாகப்பிரிவினை. அந்தப் பாகப்பிரிவினையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பம்பாயில் பிறந்த மாணவருக்கு மலைவாழ் வார்லி 'பிறரா', 'தம்மவரா'? குர்யே இந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை. கேள்வியே பொருளற்றது என்பது போல இரண்டையும் ஒரே துறையில் சேர்த்துக் கற்பித்தார். அவர் செய்த நல்ல காரியங்களுள் இதுவே தலையாயது என்பது நம் கருத்து.

குர்யேயின் இந்தப் போக்குக்குப் பின்னால் நம் நீலகிரியும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் அவருடைய ஆசிரியராக இருந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் மருத்துவம் பயின்றவர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வம்சாவளிகளைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டெழுதி, 1906இல் நூலாக வெளியிட்டார். தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் 'மாமன்' என ஒரே சொல்லால் அழைப்பது நமக்கு வியப்பளிப்பதில்லை. ரிவர்ஸுக்கு அது பெருந்திறப்பாக அமைந்தது. உறவுச்சொல்லின் பின்னே திருமண முறை ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டபோது தென்னிந்திய முறைமணத்தை அவர் முக்கியச் சான்றாக்கினார். உறவுமுறை பற்றிய தாள் இல்லாமல் மானிடவியல் பாடத்திட்டம் அமைவது இன்றும் அரிது. நாம் அன்றாடம் வீட்டில் புழங்கும் சொற்கள் அந்தத் தாளுக்குள் இருக்கின்றன. (இதைக் கொண்டு தொல்காப்பியமே உலகின் முதல் மானிடவியல் நூல் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. திணைக்கோட்பாடு கவிதைக்கான இலக்கணம். அதைக் களக்குறிப்பாக வாசித்தால் கவிதையும் போகும், களமும் கிட்டாது.)

மானிடவியலுக்கு இன்னொரு முகமும் இருந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை நம் ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள், பல வேளை அளவுக்கருவியை மறந்துவிட்டு. இந்த உடல் அளவை மரபுதான் மானிடவியலை அறிவியல் புலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பி.எஸ்ஸி. ஆனர்ஸாகவும் சமூகவியல் பி.ஏ. ஆனர்ஸாகவும் இருப்பதன் வேர் இங்கே. ஒரே கிராமத்தை ஆராயப்போகும் இருவர் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு நுழைவுத் தகுதிகளோடு படிக்கிறார்கள்.

இந்தப் பிளவை ஒருவர் தம் வாழ்க்கையாலேயே கடந்தார். ஐராவதி கார்வே புனேயில் தத்துவம் படித்து, குர்யேயிடம் சமூகவியல் முதுகலை முடித்து, பெர்லினுக்குப் போய் மண்டையோடுகளை அளந்தவர். மண்டையோட்டின் சமச்சீரின்மையில் இனவேறுபாடு தெரியும் என்பது அவருடைய நெறியாளர் ஆய்கன் ஃபிஷரின் எதிர்பார்ப்பு. அளந்து பார்த்த மாணவியோ அப்படியொரு தொடர்பு இல்லை என்று எழுதினார். ஃபிஷர் பின்னாளில் நாஜி இனக்கொள்கைக்குத் துணைபோனவர் என்பதை நினைத்தால் அந்த மறுப்பின் எடை விளங்கும். கார்வே பிற்பாடு புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றி, உறவுமுறை பற்றி 1953இல் பெருநூல் எழுதினார். மகாபாரத மாந்தரைப் பற்றி மராத்தியில் எழுதிய 'யுகாந்தா'வுக்குச் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். இலக்கிய வாசகர் பலர் அந்த ஒரு நூலால் மட்டுமே அவரை அறிவர்.

இளங்கலை நிலையில் நம் கவனத்தை ஈர்ப்பது மைசூர். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் ஏ.ஆர். வாடியாவின் முயற்சியால் சமூகத் தத்துவம் என்ற பெயரில் ஓர் ஆனர்ஸ் படிப்பு அமைந்தது. சமூகவியல், சமூக மானிடவியல், அரசியல் தத்துவம் எனப் பலவும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன. மாணவருக்குச் செரிக்காத அளவு என்று குறை சொல்லலாம். ஆனால் 1936இல் அதை முடித்து வெளிவந்தவர் எம்.என். சீனிவாஸ். பிறகு பம்பாயில் குர்யே, ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் பிரவுன், இவான்ஸ் பிரிட்சார்ட் எனப் படித்து வந்து, பரோடாவிலும் 1959 முதல் தில்லியிலும் சமூகவியல் துறைகளை உருவாக்கினார். களப்பணி செய்யாதவர் சமூகவியலாளர் அல்லர் என்னும் நம்பிக்கை அவரால் வேரூன்றியது.

ஆனால் மாணவரைக் களத்துக்கு அனுப்பும் வழக்கத்துக்கு அவருக்கும் முந்தைய முன்னோடி சென்னையில் இருந்தார், அதுவும் வேறொரு துறையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகிய ஊர்கள் 1918இல் அச்சேறின. நிலம் யார் கையில், கடன் எவ்வளவு, கூலி எத்தனை படி என்று அம்மாணவர்கள் குறித்துவந்த கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க 1930களிலும் அதற்குப் பின்னரும் வேறு வேறு தலைமுறை ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். விடுமுறை வீட்டுப்பாடம் ஒன்றுக்கு இத்தனை நீண்ட ஆயுள் வாய்த்தது வேறெங்கும் நடந்ததாக நாம் அறியோம்.

எனினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தன் ஊரைப் பார்க்கப் போகும் மாணவர் எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறார்? 1916இல் கல்லூரியை எட்டியிருந்த குடும்பங்கள் ஊரின் எந்தப் பக்கத்தில் குடியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சீனிவாஸ் 1948இல் தங்கி ஆராய்ந்த ராம்புராவின் குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீக்கிரையாயின. நினைவிலிருந்தே எழுதி 1976இல் வெளியிட்ட நூலில், தாம் கண்டது பெரும்பாலும் மேல்சாதியினரின் கிராமம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தில்லியில் அவருடைய மாணவரான ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து, அதற்கு ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்டு, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றைவிட்டொன்று விலகத் தொடங்குவதை ஆராய்ந்தார். 1965இல் வெளிவந்த அந்நூல் இன்றும் பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே குடியிருந்த காரணத்தாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வரத் தமக்கு இயலவில்லை என்று பின்னர் எழுதினார்.

களப்பணித் தாளுக்கு மதிப்பெண் ஒதுக்கும் குழுக்கள் அந்தப் பத்திகளையும் மாணவரிடம் கொடுக்கலாம். நாம் கண்ட மாணவருள் சிலருக்கு அக்கிரகாரமே எட்டாத தெருவாக இருந்தது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வினாப்பட்டியலோ அந்தத் தெருவிலிருந்தே தொடங்கியது.