ஸ்பேஸ் சீட் (ஸ்டார் டிரெக்)

‘ஸ்டார் டிரெக்’ அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் 22-ஆம் பகுதி. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1967 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பானது. இயக்கம்: மார்க் டேனியல்ஸ். கதை கேரி வில்பருடையது. திரைக்கதையை அவரும் ஜீன் எல். கூனும் எழுதினர்.

விண்வெளியில் மிதக்கும் ‘பாட்டனி பே’ என்னும் பழைய கலத்தை, தொடரின் நாயகக் கலமான எண்டர்பிரைஸ் கண்டெடுக்கிறது. அதில் நெடுந்துயிலில் கிடப்பவர்களின் தலைவன் கான் நூனியன் சிங். மரபணுத் தேர்வால் உருவாக்கப்பட்டவன். 1992 முதல் 1996 வரை ஆசியாவிலிருந்து மத்தியக் கிழக்கு வரை ஆண்டவன். அவன்மேல் காதல்கொள்ளும் எண்டர்பிரைஸின் வரலாற்றாசிரியர் மார்லா மெக்கிவர்ஸின் துணையோடு அக்கலத்தைக் கைப்பற்றுகிறான். ஆனால் எண்டர்பிரைஸின் கேப்டன் கிர்க்கைச் சாகவிட மனமில்லாமல் அவரைக் காப்பாற்றுவதும் மார்லாதான். தோற்ற கானுக்குச் சிறை இல்லை. செட்டி ஆல்ஃபா ஐந்து என்ற ஆளில்லாக் கோளைப் பண்படுத்தி வாழும் வாய்ப்புத் தரப்படுகிறது. மார்லாவும் உடன் செல்கிறார்.

முதல் வரைவில் கான் ஒரு வடஐரோப்பியக் குற்றவாளி. பின்னர்தான் வடஇந்தியச் சீக்கியனாக மாறினான். நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோன்டல்பான். சீக்கியரை அன்றாடம் காணும் மலேசியத் தமிழருக்கு, தாடியில்லாத இந்தச் சிங் உடனே உறுத்துவான். தலைப்பாகை மார்லா தீட்டும் ஓவியத்தில் மட்டுமே வருகிறது. ஆயினும் 1967-இல், அறிவிலும் வலிமையிலும் கிர்க்கை விஞ்சும் எதிராளியாக ஓர் இந்தியப் பாத்திரத்தை நிறுத்தியது அரிய செயல். மோன்டல்பானின் கம்பீரம் அதற்கு முழு நியாயம் செய்தது.

இதன் தொடர்ச்சியே 1982-இல் நிக்கோலஸ் மேயர் இயக்கிய ‘தி ராத் ஆஃப் கான்’ திரைப்படம். 2013-இல் மற்றொரு ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் கானாக நடித்தபோது, இந்தியச் சாயல் அடியோடு மறைந்திருந்தது.